காப்பி யந்திரம் வாங்குமுன்

ஊத்துக்குளி என்றதும் வெளியூரார்க்கு நினைவில் எழுவது வெண்ணெய். ஈரோட்டிலிருந்து கோயமுத்தூர் செல்லும் இருப்புப் பாதையில், விஜயமங்கலம் கடந்து வண்டி இங்கு நிற்கும்போது, வெண்ணெய் வாங்கிவரச் சொன்ன வீட்டாரின் குரல் காதில் ஒலிக்கப் பெற்ற பிரயாணிகள் பலர் இருப்பர். எருமைப் பால் மிகுந்த ஊரில் காப்பியும் கெட்டியாகவே இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பித்தளை பில்டரில் இரவே தூளிட்டு வெந்நீர் ஊற்றி வைத்து, விடியற்காலையில் தறி ஓடத் தொடங்குமுன் முதல் டிகாக்ஷனை இறக்குவது இப்பகுதி நெசவுக் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம்.

அண்மை ஆண்டுகளில் இவ்வழக்கத்துக்கு ஒரு போட்டி வந்திருக்கிறது. திருப்பூர்ப் பனியன் ஏற்றுமதி அலுவலகங்களில் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள், அங்கே விருந்தினர்க்குக் கொடுக்கும் எஸ்பிரஸோ காப்பியைப் பருகிப் பழகி, அது போன்ற யந்திரம் ஒன்றைத் தம் வீட்டு அடுக்களையிலும் வைக்க விரும்புகிறார்கள். விருப்பம் தவறன்று. அதற்காகச் செலவிடும் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

இவ்வாராய்ச்சி நமக்கு ஒரு கடன் மனுவிலிருந்து தொடங்கிற்று. இவ்வட்டாரத்துச் சிக்கன நாணயச் சங்கம் ஒன்றின் கடன் பதிவேட்டைப் பார்வையிடுகையில், "வீட்டு உபயோகச் சாமான்" என்ற காரணங் காட்டி ரூ. 45,000 கேட்ட மனு ஒன்று கண்ணில் பட்டது. செயலாளரை விசாரித்ததில், அது புதிய காப்பி யந்திரம் வாங்குவதற்கு என்று தெரிந்தது. மனுதாரர் இளைஞர், திருப்பூரில் உத்தியோகம். தகப்பனார் வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் விசைத்தறி ஓட்டுகிறார். சங்கத்தின் வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். 24 மாதத் தவணையில், குறையும் நிலுவைக்கு வட்டி கணக்கிட்டாலும், வட்டி மட்டும் ரூ. 5,625 ஆகும். அதனினும் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மகனுக்குரிய கடன் வரம்பு இந்த ஒரு மனுவிலேயே முடிந்துவிடும். தறி மோட்டாரை மாற்றத் தகப்பனார் நம்பியிருந்ததும் அதே வரம்பைத்தான்.

கடன் கொடுப்பதும் மறுப்பதும் நிர்வாகக் குழுவின் பொறுப்பு. நமக்கு அதில் வேலை இல்லை. ஆயினும் காப்பியில் நமக்கும் பற்று உண்டு. வீட்டில் ஒரு கையரைவை வைத்துப் பல தூள்களைக் கெடுத்துக் கற்றுக்கொண்ட அனுபவமும் உண்டு. ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த இளைஞரின் அழைப்பின்பேரில் அவர் வீட்டுக்குச் சென்றோம். பார்வையிடச் சென்ற இடத்தில் காப்பி அருந்தலாமா என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: முத்திரையையும் குறிப்பேட்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போனோம்.

அங்கே ஏற்கெனவே ஒரு யந்திரம் இருந்தது. ஓராண்டுக்கு முன் சுமார் ரூ. 9,000 கொடுத்து வாங்கியது. பெட்டியின் மேல் "15 பார் அழுத்தம்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. காப்பி மட்டும் சரியாக வரவில்லை. ஒரு நாள் புளிக்கிறது. மறு நாள் கசக்கிறது. மேலே நுரை கட்டுகிறது, அடியில் நீராக நிற்கிறது. "வெல ஜாஸ்தியான மிஷினா வாங்கியிருக்கோணுங்க சார், தப்புப் பண்ணிப்போட்டேன்" என்றார் இளைஞர். அவருடைய தாயார் குறுக்கிட்டு, "தூளே சரியில்லாதப்ப மிஷின் என்னங்க பண்ணும்?" என்றார். அம்மையாருக்கு எஸ்பிரஸோ சாஸ்திரம் ஒன்றும் தெரியாது. ஆனால் நோயைச் சரியாகச் சொல்லிவிட்டார்.

இங்கே யந்திரத்தின் வேலையைச் சற்று விளக்குவது அவசியம். நம் பில்டரில் வெந்நீர் தன் கனத்தினாலேயே மெல்ல இறங்குகிறது. அதற்குக் கால் மணிக்குக் குறையாமல் ஆகும். எஸ்பிரஸோவில் அதே வேலையை அரை நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்காக நீரை அழுத்தத்தோடு தூளின் வழியே செலுத்துகிறார்கள். மிலான் நகரத்து லூயிஜி பெட்ஸேரா 1901-ல் உரிமை பெற்ற யந்திரம் நீராவியின் அழுத்தத்தையே நம்பியது. அதில் கிடைத்தது ஒன்றரைப் பார் அளவுதான். அதே நகரத்து அக்கில்லே காஜ்ஜியா 1938-ல் ஒரு முறையைப் பதிந்து, யுத்தத்துக்குப் பின் நெம்புகோலும் வில்லும் கொண்ட யந்திரத்தைக் கடைகளுக்குத் தந்தார். காப்பியின்மேல் பொன்னிற நுரை படிந்தது அதன் பிறகுதான். 1961-ல் வந்த பாயேமா நிறுவனத்தின் இ-61 என்ற யந்திரம் நெம்புகோலின் வேலையை மின்சாரப் பம்பிடம் ஒப்படைத்தது. இன்று வீட்டு யந்திரங்கள் பலவற்றில் உள்ள சிறு பம்பு அந்த வம்சத்தில் வந்ததே.

இவ்வளவுக்கும் வேண்டிய அழுத்தம் சுமார் 9 பார், அதாவது நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப் போல் ஒன்பது மடங்கு. பெட்டியின்மேல் காணும் 15 என்பது பம்பு உச்சமாகத் தள்ளக்கூடிய அளவு. காப்பிக்கு அது தேவையில்லை. 15 பார் யந்திரத்தை விட்டு 20 பார் யந்திரம் வாங்குவது, நூறு மைல் வேகம் ஓடும் என்பதற்காகச் சந்தைக்குப் போக வண்டி வாங்குவது போன்றது.

நீர் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தூளே. தூள் பருமனாக இருந்தால் நீர் பத்து வினாடியில் ஓடிவிடும். காப்பி வெளுத்துப் புளிக்கும். மிக நுண்மையானால் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசக்கும். பருமனும் நுண்மையும் கலந்திருந்தால் ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் கூடி நிற்கும். அந்த இளைஞரின் குறை இந்த மூன்றாவது வகை. அவர் கொட்டையை மிக்ஸியில் அரைத்து வந்தார்.

நெசவாளர்க்கு இதை விளக்குவது எளிது. தடிப்பும் மெலிவுமாக ஓடும் நூலைப் பாவாக ஏற்றிவிட்டு, துணி சரியில்லை என்று தறியை மாற்றுவோமா? வீட்டுப் பெண்மணிகளுக்கோ இன்னும் எளிது. கோயமுத்தூர் கிரைண்டர் உலகப் பிரசித்தம். அதில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் அரைபட்ட மாவுக்கும், மிக்ஸியின் கத்தியில் வெட்டுப்பட்ட மாவுக்கும் உள்ள பேதத்தை இட்டிலியே சொல்லிவிடும். காப்பிக் கொட்டைக்கும் அதே நியாயந்தான். கத்தி கண்டபடி வெட்டுகிறது. ஒரு பங்கு மாவாகவும் ஒரு பங்கு நொய்யாகவும் நிற்கிறது. பல் வெட்டிய இரண்டு சக்கரங்களுக்கு இடையில் கொட்டையை விட்டால், அந்த இடைவெளிக்குத் தக்க பருமனில் அனேகமாகச் சீராக விழுகிறது. இடைவெளியைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. எஸ்பிரஸோவுக்கு வேண்டிய யந்திரம் உண்மையில் இதுவே.

மிக்ஸித் தூளைக் கொண்டும் நுரை வருகிறதே என்று ஐயுறலாம். அதில் ஒரு தந்திரம் இருக்கிறது. விலை குறைந்த யந்திரங்களோடு வரும் சல்லடைக் கிண்ணம் இரட்டை அடி உள்ளது. உள் அடியில் பல துளைகள். வெளி அடியில் ஊசித்துளை ஒன்றே. தூள் எப்படி இருந்தாலும் அந்த ஒற்றைத் துளை தடுத்து அழுத்தத்தை உண்டாக்கும். துளை வழியே பீச்சுகையில் நுரையும் கிளம்பும். கடைத் தூள் வாங்குகிறவர்க்கு இது ஒரு வசதி, குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் நல்ல கொட்டையின் மணம் இதில் முழுதும் வெளிப்படாது. ஒற்றை அடிக் கிண்ணம் தனியே விற்கிறார்கள். யந்திரத்தின் வாயளவை மில்லிமீட்டரில் பார்த்து வாங்க வேண்டும். 51, 54, 58 என்ற அளவுகள் வழக்கில் உள்ளன.

நாம் கொண்டுபோன கையரைவையும், இளைஞர் தம் நண்பரிடம் இரவல் வாங்கிய ஒற்றை அடிக் கிண்ணமும், தபால் நிறுக்கும் தராசைப் போன்ற ஒரு சிறு மின்தராசும் வைத்துக்கொண்டு பரீட்சையில் இறங்கினோம். கொட்டை 15 கிராம். இறக்க வேண்டியது 30 கிராம். ஆக வேண்டிய நேரம் 25 முதல் 30 வினாடி. முதற் கோப்பை 14 வினாடியில் ஓடிவந்தது; முகத்தைச் சுளிக்கும் புளிப்பு. நாலு படி இறுக்கி அரைத்தோம். யந்திரம் முனகிற்றே தவிர 50 வினாடியாகியும் பாதிகூட இறங்கவில்லை. இரண்டு படி தளர்த்தினோம், 36 வினாடி. இம்மூன்றும் தொட்டிக்கே சென்றன. தாயார் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது நமக்குக் கூச்சத்தையே தந்தது; 2024-க்குப் பின் கொட்டை ஏறியிருக்கும் விலைக்கு 45 கிராம் சிறு நஷ்டமன்று. நான்காவது கோப்பை 28 வினாடியில், தேன் ஒழுகுவதுபோல் இறங்கிற்று. பழுப்பு நுரை தானே படிந்தது. தகப்பனார் தறியை நிறுத்திவிட்டு வந்து ஒரு வாய் பருகி, "இதாம்ப்பா காப்பி. இதுக்கு எதுக்கு நாப்பத்தஞ்சாயிரம்?" என்றார்.

யந்திரம் அதே பழைய ஒன்பதாயிர ரூபாய் யந்திரம் என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

ஆகவே நம் அபிப்பிராயம் இது. பத்தாயிர ரூபாய் கையில் வைத்துக்கொண்டு முதன்முதல் தொடங்குகிறவர் அதில் ஆறாயிரத்தை அரைவைக்கு ஒதுக்கட்டும். மிச்சத்தில் யந்திரம் எது கிடைக்குமோ அது போதும். யந்திரமே கிடைக்காவிட்டால் இத்தாலியர் வீடுதோறும் வைத்திருக்கும் மோக்கா பாத்திரம் இருக்கிறது. அல்போன்ஸோ பியாலெட்டி 1933-ல் வெளியிட்ட அமைப்பு அது. அடுப்பின்மேல் வைத்தால் நீராவி அழுத்தத்தில் கெட்டியான டிகாக்ஷனைத் தரும். எஸ்பிரஸோ ஆகாது எனினும் பாலுக்கு ஈடுகொடுக்கும். கையாலேயே நெம்புகோலை அழுத்தி 9 பார் வரை கொண்டுவரும் சிறு கருவிகளும் இப்போது விற்கின்றன. அவற்றில் மின்சாரம் இல்லை, பம்பு இல்லை, கொதிகலன் இல்லை. கெட்டிலில் காய்ந்த நீரை ஊற்றி அழுத்துவதுதான். கைத்தறியும் விசைத்தறியும் அடுத்தடுத்து இருக்கும் நம் நாட்டில் இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு கோப்பைக்கு மேல் வேண்டாதவர்க்கு நாம் சிபாரிசு செய்வது இக் கைக்கருவியையே. விருந்தினர் வருகை மிகுந்த வீட்டுக்கு அது ஒத்துவராது. ஐந்தாவது கோப்பைக்குள் கை ஓய்ந்துவிடும்.

அரைவையிலும் மின்சார அரைவை வேண்டுமென்பதில்லை. ஒரே விலைக்குக் கையரைவையில் கிடைக்கும் சக்கரத்தின் தரம் மின்சார அரைவையில் கிடைப்பதில்லை. மோட்டாருக்கும் கூட்டுக்கும் போகும் பணம் இதில் சக்கரத்துக்கே போகிறது. வாங்கும்போது அச்சைப் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் தூள் சீராக வராது. எஸ்பிரஸோவுக்கென்றால் திருகும் படிகள் நெருக்கமாக உள்ளதாகப் பார்ப்பது முக்கியம். பரீட்சையில் இரண்டு படிக்குள் 22 வினாடி வித்தியாசம் கண்டோம் அல்லவா?

கொட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை. வறுத்த தேதி அச்சிட்ட பொட்டலமாக இருக்கட்டும். வறுத்து ஒரு வாரம் ஆறவிட்டு, ஒரு மாதத்துக்குள் தீர்ப்பது நன்று. ஏற்காடு, பழனி மலை, நீலகிரி, வால்பாறைக் கொட்டைகள் நமக்குப் பக்கத்திலேயே விளைபவை. சிக்கரி கலந்த தூள் நம் பில்டருக்கு உரியது. அதை இழிவாகச் சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் ஒற்றை அடிக் கிண்ணத்தில் அதை இடலாகாது. சிக்கரி ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துச் சல்லடையை அடைக்கும். கலப்புத் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாதென்றும், சிக்கரியின் அளவைப் பொட்டலத்தின்மேல் குறிக்க வேண்டுமென்றும் உணவுச் சட்டம் விதிக்கிறது. படித்துப் பார்த்து வாங்குவோர் சிலரே.

தண்ணீர் விஷயத்தில் நம் வட்டாரத்தார்க்குத் தனிக் கவனம் வேண்டும். நொய்யல் கரை விவசாயிகளுக்கு நீரிலுள்ள உப்பைப் பற்றி நாம் எடுத்துச் சொல்வது கொல்லத் தெருவில் ஊசி விற்பதாகும்; 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பயன்படாமல் சாயக் கழிவு தேங்கும் இடமானதையும், 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் அவர்கள் அறிவர். ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் காரை, யந்திரத்தின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். குழாய் அடைபட்டுச் சூடு குறைந்து யந்திரம் ஓய்ந்த பிறகு, "கம்பெனி சாமான் சரியில்லை" என்று குறை கூறுவதில் பயனில்லை. இளைஞரின் யந்திரத்திலும் காரை கண்டது. சிட்ரிக் அமிலம் எனப்படும் எலுமிச்சை உப்பை, யந்திரத்தோடு வந்த குறிப்பில் கண்ட அளவில் கரைத்து ஓட்டியபின் நீரோட்டம் தேறிற்று.

மறுகோடிக்குப் போய், சுத்திகரிப்புக் கருவியில் வந்த நீரை மட்டும் ஊற்றுவதும் சரியன்று. உப்பே இல்லாத நீரில் காப்பியின் சத்து சரியாக இறங்காது, ருசி சப்பென்றிருக்கும். காப்பித் தொழிலின் சர்வதேசச் சங்கத்தார் லிட்டருக்கு 75 முதல் 250 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாமென்றும், 150 உத்தமமென்றும் வகுத்துள்ளார்கள். அவ்வீட்டில் நாம் கருவியிட்டு அளந்ததில் ஆழ்துளை நீர் 900, சுத்திகரித்த நீர் 40 என்று காட்டிற்று. ஒன்பது பங்கு பின்னதோடு ஒரு பங்கு முன்னதைச் சேர்த்தால் 126 வரும். குழாயில் ஆற்று நீர் வரும் வீட்டார்க்கு இந்தக் கணக்கே வேண்டாம். அதை அப்படியே ஊற்றலாம்.

பாலைப் பற்றி ஊத்துக்குளியில் நாம் உபதேசம் செய்வது பொருந்தாது. ஒன்று மட்டும் சொல்லலாம். யந்திரத்து நீராவிக் குழலில் பாலை நுரைக்கவைத்து 60 அல்லது 65 டிகிரியில் நிறுத்த வேண்டுமென்பது எஸ்பிரஸோக்காரர் விதி. அதற்கு மேல் காய்ந்தால் நுரையும் கெடும், தித்திப்பும் குறையும். அம்மையார் அந்தக் கோப்பையை வாங்கிப் பார்த்து, "நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா சூடே இல்லீங்களே, ஆத்தறதுக்கு முன்னாடியே ஆறிப்போச்சுங்க" என்று திருப்பி வைத்துவிட்டார். டபராவுக்கும் டம்ளருக்குமாகக் கை நீள ஆற்றி நுரை எழுப்பும் வித்தை தெரிந்தவர்க்கு நீராவிக் குழல் எதற்கு என்றே நமக்கும் தோன்றிற்று. வடநாட்டுக் கலியாணங்களில் "எஸ்பிரஸோ" என்று கொடுப்பது உடனடிக் காப்பித்தூளை நீராவியால் நுரைக்கவைத்ததே என்று ஒரு நண்பர் முன்பு காட்டியதும் அப்போது நினைவுக்கு வந்தது.

தாயாரின் காப்பிக்கும் அன்று ஒரு வழி பிறந்தது. நம் கையரைவையைச் சுற்றிப் பார்த்த அவர், "இது மாதிரி எங்க மாமியார் வச்சிருந்தாங்க" என்று சொல்லிப் பரணிலிருந்து ஒன்றை இறக்கச் செய்தார். மேசை விளிம்பில் திருகி மாட்டும் வார்ப்பிரும்பு அரைவை. வாணலியில் பச்சைக் கொட்டையை வறுத்து வீட்டிலேயே அரைத்த காலத்துச் சாமான். துரு தட்டியிருந்தது, சக்கரப் பற்கள் கூர் மழுங்கவில்லை. தகப்பனார் தறி மராமத்துக் கருவிகளைக் கொண்டுவந்து அரை மணியில் கழற்றித் துடைத்து மாட்டினார். எஸ்பிரஸோவுக்கு அது உதவவில்லை. அச்சு ஆடுகிறது, அவ்வளவு நுண்மையாக இறங்கவில்லை. பில்டருக்கோ நூற்றுக்கு நூறு பொருந்திற்று.

இங்கே சங்கங்களுக்கு ஒரு யோசனை கூறலாமென்று நினைக்கிறோம். பில்டருக்கு வாரம் ஒருமுறை அரைத்தால் போதும். எஸ்பிரஸோவைப்போல் அவ்வப்போது அரைக்க வேண்டியதில்லை. எனவே நல்ல மின்சார அரைவை ஒன்றைப் பண்டகசாலையில் வைத்து, அங்கத்தினர் கொட்டையாக வாங்கி அங்கேயே அரைத்துப்போகச் செய்தால், இருபது வீடு தனித்தனியே செலவிட வேண்டியதில்லை. காப்பியும் கூட்டுறவும் ஒன்றுக்கொன்று புதியவையல்ல. காப்பி போர்டார் நடத்திவந்த காப்பி ஹவுஸ்களை 1950களின் நடுவில் மூடியபோது, வேலையிழந்த ஊழியர்கள் ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் சங்கம் அமைத்தார்கள். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதற்சங்கம் பிறந்தது. அக்டோபரில் டில்லியில் கடை திறந்தாயிற்று. பரிமாறினவர்களே உடைமையாளரான அக்கடைகளிற் பல இன்றும் நடக்கின்றன. அரைவை ஒன்றை நடத்த நம்மால் முடியாதா?

இரண்டு மாதங்கழித்து அதே சங்கத்துக்கு மீண்டும் சென்றோம். மனுவின் எதிரே, "மனுதாரர் வேண்டுகோளின்படி திரும்பப் பெறப்பட்டது" என்று செயலாளர் எழுதியிருந்தார். இளைஞர் கையரைவை ரூ. 6,200-க்கும், ஒற்றை அடிக் கிண்ணம் ரூ. 700-க்கும், தராசு ரூ. 900-க்கும், தூளை அழுத்தும் அமுக்கி ரூ. 600-க்கும் சம்பளத்திலிருந்தே வாங்கிவிட்டதாக ரசீதுகளைக் காட்டினார், மொத்தம் ரூ. 8,400. அடுத்த பக்கத்தில் அவர் பெயரில் வேறொரு மனு இருந்தது: தறி மோட்டாருக்கு, ரூ. 18,000. அது அனுமதிக்கப்பட்டிருந்தது. அன்று மாலை அவ்வீட்டு வழியே சென்றபோது கொட்டகையில் தறியோசையும், அடுக்களையில் பழைய அரைவையைச் சுற்றும் ஓசையும் கேட்டன. அம்மையார் அழைத்தார், அன்று வேலை நாளாகையால் வணங்கி விடைபெற்றுக்கொண்டோம்.